வடபுலச் சதுப்பில் ஒரு வசம்பு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகைப்பாட்டியலை வகுப்பறையில் எப்படி உயிரோட்டமாக நடத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது நமக்குத் தெரியும். உலகம், தொகுதி, வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏழு சொற்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் எழுதுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். யாரோ எப்போதோ முடிவு செய்து பூட்டி வைத்த பட்டியல் என்றுதான் அவர்கள் அதை எண்ணுகிறார்கள்.

அது பூட்டி வைத்த பட்டியல் இல்லை என்று காட்ட எனக்கு ஒரே ஒரு செடி போதும். கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும் சதுப்புகளில் வளரும் செடி அது. அதன் அறிவியல் பெயர் அகோரஸ் அமெரிக்கானஸ். பெயர் புதிதாக இருக்கலாம், உறவு புதிதில்லை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வசம்பின் நெருங்கிய உறவு அது. எவ்வளவு நெருங்கிய உறவு? அதே செடிதானா, உடன்பிறப்பா, ஒன்றுவிட்ட உறவா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

செடியும் அதன் இடமும்

கனடாவின் கிழக்கே நோவா ஸ்கோஷியாவிலிருந்து மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா வரையிலும், தெற்கே அமெரிக்காவின் மெய்ன், மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா போன்ற மாநிலங்களிலும் ஏரியோரங்களும் சேற்று நிலங்களும் ஏராளம். குளிர்காலத்தில் அந்த நீர்நிலைகள் உறைந்து பாறையாகிவிடும். செடியின் இலைகள் மடிந்துபோகும். ஆனால் சேற்றுக்குள் கிடைமட்டமாக ஊர்ந்து கிடக்கும் மட்டநிலத்தண்டு பிழைத்திருக்கும். பனி உருகியதும் அதிலிருந்து வாள்போன்ற இலைகள் கொத்தாகக் கிளம்பும், ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். கசக்கினால் நல்ல மணம் வரும்.

பூ வரும் விதம் வேடிக்கையானது. இலை போலவே தோன்றும் ஒரு தண்டின் பக்கவாட்டிலிருந்து, விரல் நீளத்தில், சாய்ந்த நிலையில் ஒரு மடல் கதிர் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பூவிலும் ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள். மூன்றின் மடங்கு. ஒருவிதையிலைத் தாவரம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

இதே சதுப்புகளில் மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு இருக்கிறது. அது இந்தத் தண்டை விரும்பித் தின்னும் என்பதால் ஆங்கிலம் பேசுவோர் இதற்கு எலி வேர் என்றே பேர் வைத்தார்கள். அங்குள்ள பூர்வகுடிகளான கிரீ மக்கள் வீகேஸ் என்கிறார்கள், ஓஜிப்வே மக்கள் வீக்கே என்கிறார்கள். தொண்டைக் கட்டு, சளி, வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கு அவர்கள் இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய குடியிருப்புகளை ஒட்டியும் போக்குவரத்துப் பாதைகளை ஒட்டியும் இந்தச் செடி கிடைப்பதால், அவர்களே இதை நட்டுப் பரப்பியிருக்கக்கூடும் என்று தாவரவியலார் கருதுகிறார்கள்.

இதைக் கேட்கும்போது நமக்கு நம் பாட்டிமார் நினைவு வரும். வசம்பைச் சுட்டு உரசுவது, குழந்தை கையில் வளையலாகக் கட்டுவது, இரவில் அதன் பேரைச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்பது, 'பிள்ளை வளர்ப்பான்' என்பது எல்லாம் நம் வீட்டுச் சங்கதிகள். உலகின் இரண்டு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஏறத்தாழ ஒரே செடியை ஏறத்தாழ ஒரே நோய்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'ஏறத்தாழ ஒரே செடி' என்று சொன்னேன். அந்த 'ஏறத்தாழ' என்ற சொல்லில்தான் நம் பாடம் இருக்கிறது.

லின்னேயஸ் வைத்த பெயர்

1753-ல் கார்ல் லின்னேயஸ் தம் 'ஸ்பீசீஸ் பிளான்டாரம்' நூலில் இந்தச் செடிக்கு அகோரஸ் கலாமஸ் என்று பெயரிட்டார். கலாமஸ் என்றால் நாணல். அந்த ஒரே சிற்றினத்துக்குள் அவர் இரண்டு வகைகளைக் குறித்தார். ஐரோப்பாவில் காணப்பட்டதற்கு வல்காரிஸ், அதாவது பொதுவானது, என்று பெயர். ஆசியாவிலிருந்து அறியப்பட்டதற்கு வேரஸ், அதாவது உண்மையானது, என்று பெயர். மலையாள நாட்டு வயம்பு அதற்கு முன்பே, 17-ம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' நூலில் இடம்பெற்றுவிட்டது.

ஐரோப்பாவில் பொதுவானது என்றாலும் அது அந்த மண்ணில் பிறந்த செடி அல்ல. 16-ம் நூற்றாண்டில் துருக்கி வழியாக வந்தது. தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் 1574-ல் அதை வியன்னாவில் வளர்த்தார். அங்கிருந்து தோட்டம் தோட்டமாகக் கைமாறி, குளம் குளமாக இறங்கி, ஐரோப்பா முழுதும் பரவியது. போலந்து மொழியில் அதன் பெயர் தாத்தாராக். தாத்தாரியர் கொண்டுவந்த செடி என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அங்கே பெந்தெகொஸ்தே திருநாளில் வீடுகளை அலங்கரிக்க அதன் இலையைப் பயன்படுத்துவார்கள். இங்கிலாந்தில் மணத்துக்காகத் தரையில் பரப்பினார்கள். பிறகு ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேறியபோது மருந்துக்காக அதையும் உடன் கொண்டுபோனார்கள்.

ஆக, வட அமெரிக்கச் சதுப்பில் இப்போது இரண்டு செடிகள். ஒன்று அந்த மண்ணுக்கே உரியது, மற்றது கப்பலேறி வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பெரும்பாலான தாவர நூல்கள் இரண்டையும் அகோரஸ் கலாமஸ் என்ற ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்தன.

19-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கான்ஸ்டன்டைன் ரஃபினெஸ்க் என்பவர் அமெரிக்கச் செடி வேறு என்று சொன்னார். முதலில் அதை வகையாகக் குறித்தார், பிறகு அகோரஸ் அமெரிக்கானஸ் என்று தனிச் சிற்றினமாகவே பெயரிட்டார். ரஃபினெஸ்க் கண்ணில் பட்டதற்கெல்லாம் புதுப் பெயர் வைப்பவர் என்று பேரெடுத்தவர். அதனால் அவர் சொன்னதைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஒருவர் சொன்னது சரியா என்பதை அவர் யார் என்பதைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது, சான்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு மாணவர்களிடம் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு.

குரோமோசோம் சொன்ன சாட்சி

சான்று எங்கிருந்து வந்தது? செல்லுக்குள்ளிருந்து வந்தது. 20-ம் நூற்றாண்டில் பல நாட்டுச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். இந்தப் பேரினத்தின் அடிப்படை எண் 12.

வட அமெரிக்காவின் சொந்தச் செடியில் 24 குரோமோசோம்கள் இருந்தன. அதாவது இருமடியம். சைபீரியாவிலும் இதே இருமடியம் காணப்படுகிறது. ஐரோப்பியச் செடியில் 36, அதாவது மும்மடியம். இமயமலைப் பகுதியிலும் இந்தியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் இந்த மும்மடியமே பரவலாகக் கிடைக்கிறது. கிழக்காசியாவிலும் ஆசியாவின் வெப்பமான பகுதிகளிலும் 48 குரோமோசோம்கள் கொண்ட நான்மடியம் கிடைக்கிறது.

மும்மடியம் என்றதும் மேல்நிலை ஆசிரியர்களுக்கு அடுத்த வரி தெரிந்திருக்கும். மற்ற வகுப்புகளுக்கு இதை வாழைப்பழத்தை வைத்தே விளக்கிவிடலாம். பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாம் மும்மடியங்கள். குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று பேர் கூடி நின்றால் ஜோடி சேர்வது எப்படி? ஒருவர் தனியாக நிற்பார், பங்கீடு குழம்பும். ஒழுங்கான மகரந்தமும் சூலும் உருவாகா. விதை இருக்காது. பழத்தை வெட்டினால் நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவே, விதையாக முடியாமல் நின்றவை அவைதாம். அதனால்தான் வாழையை நாம் கன்று வைத்து வளர்க்கிறோம்.

ஐரோப்பிய அகோரஸின் நிலையும் அதுதான். பூக்கும், ஆனால் காய்க்காது. 16-ம் நூற்றாண்டிலிருந்து அது ஐரோப்பா முழுதும் பரவியது விதையால் அல்ல, தண்டுத் துண்டுகளால். வெள்ளம் அடித்துக்கொண்டு போன துண்டும் மனிதர் கையில் கொண்டுபோன துண்டும்தான் இத்தனை குளங்களை நிரப்பின. அமெரிக்கச் சதுப்பின் சொந்தச் செடியோ இருமடியம். அது காய்க்கிறது, விதை போடுகிறது, விதையால் பரவுகிறது. காய்க்கும் செடியும் காய்க்காத செடியும் ஒரே குளத்தில் நின்றாலும் ஒன்றோடொன்று கலந்து வளமான சந்ததி தர வழியில்லை. சிற்றினம் என்பதன் வரையறையை நாம் பாடத்தில் எப்படிச் சொல்கிறோம் என்று இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

நுண்ணோக்கி இல்லாமல் களத்தில் பிரித்தறியவும் வழி இருக்கிறது. ஐரோப்பியச் செடியின் இலையில் ஒரே ஒரு நரம்பு மட்டும் துருத்திக்கொண்டு தெரியும், அதுவும் சரியாக நடுவில் இருக்காது, சற்று ஒதுங்கியிருக்கும். அமெரிக்கச் செடியின் இலையில் இரண்டு முதல் ஆறு நரம்புகள் ஏறக்குறைய சம அளவில் எழும்பி நிற்கும். பருவத்தில் கதிரைப் பார்த்தால் ஒன்றில் காய் இருக்கும், மற்றதில் சுருங்கிப்போன சூற்பைகள் இருக்கும். இந்த வேறுபாடுகளை வைத்து 2000-ம் ஆண்டில் வெளிவந்த வட அமெரிக்கத் தாவரத் தொகுதி நூல் இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகவே தருகிறது. ரஃபினெஸ்க் வைத்த பெயர் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு வழக்குக்கு வந்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. உலகத் தாவரப் பட்டியல்கள் சிலவற்றில் அமெரிக்கச் செடி இன்றும் அகோரஸ் கலாமஸின் ஒரு வகையாகவே இருக்கிறது. குரோமோசோம் எண்ணிக்கை மாறுவது மட்டுமே தனிச் சிற்றினமாக்கப் போதுமா என்பது அவர்கள் கேள்வி. அதுவும் நியாயமான கேள்விதான். இரு தரப்பும் ஒரே சான்றைத்தான் பார்க்கின்றன, எடைபோடுவதில்தான் வேறுபடுகின்றன.

பெயரால் என்ன ஆகிவிடும்?

'ஏன் சார், எந்தப் பேரில் கூப்பிட்டால் என்ன?' என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்? இந்தச் செடியில் அதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன.

முதல் விடை சதுப்பைப் பற்றியது. சொந்தச் செடியும் வந்த செடியும் ஒரே பெயரில் கணக்கெடுக்கப்பட்டால், சொந்தச் செடி ஒரு மாவட்டத்தில் அழிந்துபோனாலும் கணக்கேட்டில் அது தெரியாது. 'இருக்கிறது' என்றே எழுதப்பட்டிருக்கும். பெயர் பிரிந்தால்தான் எது குறைகிறது என்று தெரியும், தெரிந்தால்தான் காக்க முடியும்.

இரண்டாவது விடை மனித உடலைப் பற்றியது. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அமெரிக்க இருமடியத்தில் அது இல்லை. ஐரோப்பிய மும்மடியத்தில் குறைவாக இருக்கிறது. நான்மடியத்தில் எண்ணெயின் பெரும்பங்கே அதுவாக இருக்கக்கூடும். நம் நாட்டிலிருந்து போகும் வசம்பு எண்ணெயிலும் அதன் அளவு பெரும்பாலும் அதிகமே. 1960-களில் இந்திய வசம்பு எண்ணெயை எலிகளுக்கு நீண்ட காலம் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் குடலில் கட்டிகள் தோன்றின. அதையொட்டி அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 1968-ல் உணவில் வசம்பையும் அதன் எண்ணெயையும் சாற்றையும் சேர்க்கத் தடை விதித்தது.

அந்த விதியில் செடியின் பெயர் அகோரஸ் கலாமஸ் என்று எழுதப்பட்டிருக்கிறது. இப்போது பாருங்கள். அமெரிக்கச் செடியை அகோரஸ் கலாமஸின் வகை என்று சொன்னால், பீட்டா அசரோனே இல்லாத அந்தச் செடியும் விதியின் பெயருக்குள் வந்துவிடும். தனிச் சிற்றினம் என்று சொன்னால் அந்தப் பெயருக்கு வெளியே நிற்கும். தலைமுறை தலைமுறையாக அதைப் பயன்படுத்தி வரும் ஒரு பூர்வகுடிச் சமூகத்துக்கு இது புலவர் சண்டை அல்ல. பெயர் எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து சட்டம் எங்கே முடிகிறது என்பதும் மாறும்.

இதன் மறுபக்கம் நமக்கானது. 'வெளிநாட்டிலும் குழந்தைக்கும் பெரியவருக்கும் வசம்பு கொடுத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை' என்று யாராவது சொன்னால், எந்த வசம்பு என்று நாம் கேட்க வேண்டும். ஒரு செடிக்கான அனுபவத்தை இன்னொரு செடிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும் சொல்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தால் பாட்டிமாரைக் குறை சொல்லாமல், ஆனால் தெளிவாக, இதைச் சொல்ல வேண்டியது நம் கடமை. கையில் கட்டியிருக்கும் வளையலைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சேம்பின் வீட்டிலிருந்து வெளியேறிய செடி

இதுவரை சிற்றினம் பற்றிப் பேசினோம். இன்னும் மேலே, குடும்பம் என்ற படிக்குப் போவோம். அங்கே நடந்தது இதைவிடப் பெரிய மாற்றம்.

பெந்தம், ஹூக்கர் இருவரும் 19-ம் நூற்றாண்டில் அமைத்த வகைப்பாட்டில் அகோரஸ் ஏரேசி குடும்பத்தில் இருந்தது. சேம்பு, சேனை, அந்தூரியம், வீட்டில் தொட்டியில் வளர்க்கும் மணி பிளான்ட் எல்லாம் அந்தக் குடும்பம். காரணம் எளிது. இவற்றுக்கெல்லாம் மடல் கதிர் உண்டு, அகோரஸுக்கும் உண்டு. மூக்கு ஒரே மாதிரி இருந்தால் ஒரே வீட்டுப் பிள்ளை என்று சொல்வது போலத்தான். 1820-லேயே அகோரேசி என்று தனிக் குடும்பப் பெயர் ஒன்று வைக்கப்பட்டிருந்தும் பெரும்பாலோர் அதைக் கைக்கொள்ளவில்லை.

ஆனால் பொருந்தாத சங்கதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. சேம்பு நறுக்கினால் கை அரிக்கும். கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஊசி வடிவப் படிகங்கள், அதாவது ராஃபைடுகள், அதற்கு ஒரு காரணம். ஏரேசி குடும்பத்தில் அவை பரவலாக உண்டு. அகோரஸில் இல்லை. அகோரஸின் திசுக்களில் மண எண்ணெய் நிறைந்த தனிச் செல்கள் உண்டு. சேம்பில் அப்படி இல்லை. சேம்பு, அந்தூரியம் இவற்றில் கதிரைச் சுற்றி மடல் இருக்கும். அகோரஸில் கதிருக்கு மேலே நீளும் இலைபோன்ற பகுதி அந்த மடலோடு ஒப்பிடத்தக்கதே அல்ல என்று கண்டார்கள். இவை போன்ற சான்றுகளைத் திரட்டி 1987-ல் மைக்கேல் கிரேயம் என்ற தாவரவியலாளர் அகோரஸை ஏரேசியிலிருந்து நீக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார்.

அடுத்து டி.என்.ஏ. வந்தது. ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாத ரூபிஸ்கோ நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவை, ஏறத்தாழ 500 விதைத் தாவரங்களில் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 1993-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஒருவிதையிலைத் தாவரங்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வும் வந்தது. முடிவு பலரையும் வியக்க வைத்தது. அகோரஸ் சேம்பின் உறவு அல்ல என்பது மட்டுமில்லை. நெல், தென்னை, வாழை, மூங்கில், ஆர்க்கிட், வெங்காயம், சேம்பு எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் நின்றன. அகோரஸ் மட்டும் தனியாக மறுபக்கம் நின்றது. 1998-ல் ஏபிஜி வகைப்பாடு அதற்கு அகோரேல்ஸ் என்று தனித் துறையே கொடுத்தது. ஒரே குடும்பம், ஒரே பேரினம், கைவிரலில் எண்ணக்கூடிய சிற்றினங்கள், அவ்வளவுதான் அந்தத் துறை. அண்மை ஆண்டுகளில் முழு மரபணுத்தொகுதியையும் படித்துப் பார்த்தவர்களும் இதையே உறுதி செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'அப்படியானால் நெல்லுக்கும் தென்னைக்கும் வசம்புதான் மூதாதையா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. ஒரு கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் முதலில் தனிக்குடித்தனம் போய்விட்டார், மற்ற தம்பிகள் வெகுகாலம் சேர்ந்திருந்து பிறகு ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகளுக்குத் தகப்பன் ஆகிவிட மாட்டார். முதலில் பிரிந்த கிளை, அவ்வளவுதான். பரிணாம மரத்தைப் படிக்கும்போது மிகுதியாக நேரும் குழப்பம் இது. இந்த உவமையால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது.

வகுப்பறையில்

இனி இதை வகுப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பார்ப்போம். செலவில்லாத நான்கு செயல்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தொடக்க வகுப்புகளுக்கு. காய்ந்த வசம்புத் துண்டு ஒன்றை மாணவர் கையில் கொடுங்கள். முகரலாம், சுவைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே வளையம் வளையமாக இருப்பதையும், இலை இருந்த தழும்புகளையும், அடியில் வேர் இருந்த புள்ளிகளையும் பார்க்கச் செய்யுங்கள். இது வேரா, தண்டா என்று கேளுங்கள். கணு இருந்தால் தண்டு. பக்கத்தில் இஞ்சியையும் மஞ்சளையும் வைத்தால் விடை தானே வரும். வேலை முடிந்ததும் எல்லோரும் கை கழுவட்டும், துண்டுகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, நடுநிலை வகுப்புகளுக்கு. பூவன் பழத்தைக் குறுக்கே வெட்டி, விதையாகாத புள்ளிகளைத் தேடச் சொல்லுங்கள். கொய்யாவோடு ஒப்பிடட்டும். விதையில்லாத செடி எப்படிப் பரவும் என்பதில் தொடங்கி, ஒரு தண்டுத் துண்டு வியன்னாவிலிருந்து ஐரோப்பா முழுதும் போன கதையை உலக வரைபடத்தில் கோடிழுத்துக் காட்டலாம். அறிவியலும் புவியியலும் வரலாறும் ஒரே பாடவேளையில் வந்துவிடும்.

மூன்று, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு. நுண்ணோக்கி இருந்தால் சேம்புக் காம்பின் மெல்லிய சீவலைப் பாருங்கள். கட்டுக்கட்டாக ஊசிகள் தெரியும். நறுக்குவது ஆசிரியராக இருப்பது நல்லது, அரிக்கும். பார்த்த பின், இந்த ஊசிகள் இல்லாத ஆனால் மடல் கதிர் உள்ள செடியை இதே குடும்பத்தில் வைப்பீர்களா என்று கேளுங்கள்.

நான்கு, எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. கரும்பலகையில் முதல் செடி, இரண்டாம் செடி என்று இரண்டு பத்திகள் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம். முதல் செடிக்கு 24 குரோமோசோம், இலையில் பல நரம்புகள், காய்க்கும், பீட்டா அசரோன் இல்லை என்று எழுதுங்கள். இரண்டாம் செடிக்கு 36 குரோமோசோம், ஒரே துருத்திய நரம்பு, காய்க்காது, பீட்டா அசரோன் உண்டு என்று எழுதுங்கள். இலை வடிவம், மணம், வாழிடம், பூவின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுபோல் என்று கீழே எழுதுங்கள். இவை ஒரே சிற்றினமா, இரண்டா? குழுவாகப் பேசி முடிவு சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். எந்த முடிவுக்கும் மதிப்பெண் உண்டு, காரணமில்லாத முடிவுக்கு மட்டும் இல்லை. அறிவியலாளர்களும் இதே இடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று கடைசியில் சொல்லுங்கள். தாங்கள் எடுத்த முடிவை உலகத்தில் எங்கோ ஒரு தாவரவியலாளரும் எடுத்திருக்கிறார் என்று தெரியும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நண்பர்களே, பாடநூலில் இருக்கும் ஏழு படிகளை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அவை தேவை. ஆனால் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது எங்கே சேரும்?' என்று கேட்டிருக்கிறார். லின்னேயஸ் ஒரு விடை சொன்னார். ரஃபினெஸ்க் வேறொன்று சொன்னார். குரோமோசோமை எண்ணியவர்களும் மரபணுவைப் படித்தவர்களும் திருத்தினார்கள். நாளை இன்னும் திருத்துவார்கள். சான்று வந்தால் விடை மாறும் என்று நம் மாணவர் புரிந்துகொண்டால், செய்தித்தாளில் வரும் மருத்துவச் செய்தியையும் அலைபேசியில் வரும் கைவைத்தியக் குறிப்பையும், 'எந்தச் செடி? எந்தச் சான்று?' என்று கேட்டே படிப்பார்கள். வகைப்பாட்டுப் பாடத்தின் பயன் அதுதான்.

உங்கள் வகுப்பில் அந்தக் கரும்பலகைச் செயலைச் செய்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் என்ன முடிவு சொன்னார்கள் என்று அடுத்த கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள்.